ராட்டர்டாம் துறைமுகம்: கட்டியது யார்? பயன் யாருக்கு?

கடல் இருக்கும் இடமெல்லாம் துறைமுகம் ஆகிவிடுவதில்லை. கடலை ஒட்டியே எத்தனையோ ஊர்கள் காலங்காலமாகக் கிடக்கின்றன. வலை உலர்த்துவதற்கு மேல் அவற்றின் மணல் பயன்பட்டதில்லை. ஆனால், கடலிலிருந்து முப்பது கிலோமீட்டர் உள்ளே, சேறும் சதுப்புமாகக் கிடந்த ஓர் ஆற்றங்கரையில் முளைத்த ஊர், 1962ஆம் ஆண்டிலிருந்து 2004ஆம் ஆண்டு வரையில் உலகத்தின் முதல் துறைமுகம் என்ற பெயரைத் தாங்கி நின்றது. ஹாலந்து நாட்டின் ராட்டர்டாம்தான் அந்த ஊர்.

இன்று அந்த முதலிடம் ஆசியத் துறைமுகங்களுக்குப் போய்விட்டது. எனினும், ஐரோப்பாக் கண்டத்தில் ராட்டர்டாமுக்கு ஈடு ராட்டர்டாமே. 2024ஆம் ஆண்டில் அங்கே ஏறி இறங்கிய சரக்கு 43 கோடி டன்னுக்கும் அதிகம். இருபதடிப் பெட்டிக் கணக்கில் சொன்னால், ஏறத்தாழ 1 கோடியே 38 இலட்சம் கண்டெய்னர்கள். நகரத்திலிருந்து கடல் வரையில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது துறைமுகம். நகரத்தின் மக்கள்தொகையோ ஏழு இலட்சத்தைக்கூட எட்டவில்லை.

இவ்வளவு பெரிய வாணிபம் இவ்வளவு சிறிய ஊருக்கு எப்படி வந்தது? இயற்கையின் கொடையா? மன்னன் அளித்த மானியமா? முதலாளியின் மூளையில் உதித்ததா? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிப் புறப்பட்டால், ஒரு துறைமுகத்தின் கதை மட்டுமன்றி, பொதுச் சொத்தின் வலிமையும், உழைப்பவன் நிலையும் நம் கண்முன் வந்து நிற்கின்றன.

ஆறு தந்த வாய்ப்பு

ஐரோப்பாவின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். ஸ்விட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையில் பிறக்கிறது ரைன் நதி. பேசல் நகரைத் தொட்டு, பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இடையே ஓடி, கொலோன் நகரைக் கடந்து, நிலக்கரியும் இரும்பாலைகளும் நிறைந்த ரூர் பகுதியின் வாசலைத் தடவி, ஹாலந்துக்குள் நுழைந்து பல கிளைகளாகப் பிரிகிறது. 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவரும் அந்த நதியும், பிரான்சிலிருந்து பெல்ஜியம் வழியாக வரும் மாஸ் நதியும் கலந்து கடல்புகும் கழிமுகத்தில்தான் ராட்டர்டாம் இருக்கிறது.

ரோட்டே என்றொரு சிற்றாறு. அதன் குறுக்கே 1270ஆம் ஆண்டையொட்டி மக்கள் ஓர் அணையைக் கட்டினார்கள். அணைக்கு அந்நாட்டு மொழியில் 'டாம்' என்று பெயர். ரோட்டேயின் அணை ராட்டர்டாம் ஆயிற்று. 1340இல் அது நகர உரிமை பெற்றது. ஊரின் பெயரிலேயே, தண்ணீரோடு மனிதன் நடத்திய போராட்டம் பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தப் போராட்டம் இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. ஹாலந்து நாட்டு நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. நாட்டிலேயே மிகத் தாழ்ந்த இடம், கடல்மட்டத்துக்கு ஆறே முக்கால் மீட்டர் கீழே, ராட்டர்டாமுக்கு அருகில்தான் இருக்கிறது. கரை உடைந்தால் வீடில்லை, வயலில்லை, உயிருமில்லை. ஆகவே, கரையைக் காப்பது அங்கே தனிமனிதன் காரியமாக என்றுமே இருந்ததில்லை. ஊர் கூடித்தான் கரை காக்க வேண்டும். இந்தப் பழக்கம் அவர்களுடைய இரத்தத்தில் ஊறியது.

நமக்கும் இந்த ஊருக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1602இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆறு கிளை மன்றங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று ராட்டர்டாம். அந்தக் கம்பெனிதான் 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை எழுப்பியது. 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பறித்தது. சோழமண்டலக் கரையின் நெசவாளர் நெய்த துணியை வாங்கி, அதைக் கொடுத்துக் கீழைத் தீவுகளின் வாசனைப் பொருள்களைப் பெற்றது. ஐரோப்பியத் துறைமுகங்களின் பழைய செல்வத்தில் நம் தறிகளின் ஓசையும் கலந்திருக்கிறது. இதை மறந்துவிட்டு அந்த ஊரின் வரலாற்றைப் படிக்க இயலாது.

மணல்மேட்டை வெட்டிய வழி

ஆறு வாய்ப்பைத் தந்தது. அதே ஆறு அந்த வாய்ப்பைப் பறிக்கவும் பார்த்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கழிமுகம் மணலால் தூர்ந்து போயிற்று. கப்பல்கள் தீவுகளைச் சுற்றி, 1830இல் வெட்டப்பட்ட வூர்ன் கால்வாய் வழியாக ஊர்ந்து வந்தன. நீராவிக் கப்பல்கள் பெருக்கப் பெருக்க, அந்தக் கால்வாயும் போதவில்லை. ஊர் தேய்ந்துவிடும் என்ற நிலை வந்தது.

அப்போது பீட்டர் காலாண்ட் என்ற பொறியியலாளர் ஒரு யோசனை சொன்னார். சுற்றி வருவானேன்? ஹாலந்து முனையில் உள்ள மணல்மேட்டை நேராக வெட்டி, ஆற்றைக் கடலுக்குத் திறந்துவிடுவோம். மதகு வேண்டாம், கதவு வேண்டாம் என்றார். 1863இல் சட்டம் இயற்றப்பட்டது. 1866இல் வெட்டத் தொடங்கினர். 1872இல் முதல் கப்பல் அந்த வழியே வந்தது. 'புதிய நீர்வழி' என்று அதற்குப் பெயர்.

ஆனால் வெற்றி உடனே வந்துவிடவில்லை. ஆற்றின் வேகமே வழியை ஆழப்படுத்திவிடும் என்று காலாண்ட் எதிர்பார்த்தார். ஆறு அவருடைய கணக்குக்கு இணங்கவில்லை. முகத்துவாரத்தில் மணல் மீண்டும் சேர்ந்தது. ஆண்டுக்கணக்கில் பணத்தைக் கொட்டி, நீராவியால் இயங்கும் தூர்வாரும் கப்பல்களைக் கொண்டு அள்ளி எடுத்த பின்னரே வழி நிலைத்தது. இலாபம் எப்போது வரும் என்று எதிர்பார்த்துக் கொண்டிருக்கும் தனி முதலாளி இந்த வேலையைச் செய்திருப்பானா? அரசு செய்தது. பொதுப்பணம் செய்தது.

ஓடிப்போன முதலாளி

முதலாளி வரவில்லையா என்றால், வந்தார். அதுவும் சொல்லப்பட வேண்டிய கதைதான். லோதவைக் பின்கோஃப்ஸ் என்பவர் நகரத்தின் பெரும்புள்ளி. நாடாளுமன்ற மேலவை உறுப்பினர். 1872இல் ஒரு கம்பெனியைத் தொடங்கி, ஆற்றின் தென்கரையில் ஃபெயனோர்ட் பகுதியில் புதிய துறைகளையும் கிடங்குகளையும் எழுப்பத் தொடங்கினார். ஊரே புகழ்ந்தது. ஆனால் அவருடைய ஆப்பிரிக்க வாணிபக் கம்பெனி பெரும் நட்டத்தில் மூழ்கியிருந்தது. பொய்க்கணக்கு எழுதி அதை மறைத்து வந்தார். 1879இல் குட்டு வெளிப்பட்டது. பெரிய மனிதர் அமெரிக்காவுக்கு ஓடிப்போனார்!

பாதியில் நின்ற துறைகளை யார் ஏற்பது? 1882இல் நகராட்சி அவற்றை வாங்கிக்கொண்டது. அன்றிலிருந்து துறைமுகத்தை வளர்க்கும் பொறுப்பு ஊராரின் பொறுப்பாயிற்று. ஜி. ஜே. த யோங் என்ற நகராட்சிப் பொறியாளர் 1879 முதல் 1910 வரையில் பதவியில் இருந்தார். அவர் காலத்தில்தான் ரைன் துறையும் மாஸ் துறையும் வெட்டி முடிக்கப்பட்டன. வால் துறை தொடங்கப்பட்டது. கப்பலிலிருந்து நேரே ஆற்றுப் படகுக்குச் சரக்கை மாற்றும் பரந்த நீர்ப்பரப்புகள் அவை. ரூர் பகுதியின் உலைகளுக்கு இரும்புத்தாது மேலே போயிற்று. நிலக்கரி கீழே வந்தது. ஜெர்மனியின் ஆலைகள் வளர வளர, ஹாலந்தின் துறைமுகமும் வளர்ந்தது.

இன்றைக்கும் அமைப்பின் அடிப்படை அதுதான். துறைமுக ஆணையம் 2004இல் கம்பெனி வடிவம் பெற்றது உண்மை. ஆயினும் அதன் பங்குகளில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் ராட்டர்டாம் நகராட்சியிடமும், எஞ்சியவை ஹாலந்து அரசிடமும் இருக்கின்றன. தனியார் ஒருவருக்கும் பங்கில்லை. நிலமும் நீர்வழியும் ஆணையத்தின் பொறுப்பு. கம்பெனிகள் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கின்றன, வாடகை கொடுக்கின்றன, கப்பல்கள் துறைக்கட்டணம் செலுத்துகின்றன. அந்த ஆதாயத்தில் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான யூரோ நகராட்சியின் கருவூலத்துக்கு வந்து சேர்கிறது.

நெருப்பில் வெந்த நகரம்

1940ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள். ஹாலந்தின் மீது படையெடுத்து வந்த ஹிட்லரின் படை, நகரத்தின் சரணாகதி பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்த வேளையிலேயே, விமானங்களை ஏவி ராட்டர்டாமின் நெஞ்சில் குண்டு பொழிந்தது. சில நிமிடங்கள்தாம். பின்னர் மூண்ட தீ நாட்கணக்கில் எரிந்தது. எண்ணூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ 80,000 மக்கள் வீடிழந்தனர். நகரின் பழைய நடுப்பகுதி சாம்பலாயிற்று.

அதோடு முடிந்ததா? 1944 நவம்பரில், இரண்டே நாட்களில், 17 வயது முதல் 40 வயது வரையிலான ஆண்கள் ஏறத்தாழ 50,000 பேரை வளைத்துப் பிடித்துக் கட்டாய வேலைக்கு இழுத்துச் சென்றனர். அந்த ஆண்டிலேயே ஜெர்மானியப் படையினர் துறைமுகத்தின் கரைச்சுவர்களையும் கிரேன்களையும் வெடிவைத்துத் தகர்த்தனர். நகரமும் இல்லை, துறைமுகமும் இல்லை என்றாயிற்று.

போர் முடிந்ததும் அவர்கள் எதை முதலில் கட்டினார்கள்? கடைத்தெருவை அல்ல, மாளிகையை அல்ல. துறைமுகத்தைத்தான் முதலில் எழுப்பினர். மக்கள் நெருக்கடியான குடியிருப்புகளில் காலந்தள்ளிய அதே ஆண்டுகளில் கரைச்சுவர்கள் உயர்ந்தன. நாட்டின் பிழைப்பு துறைமுகத்தில் இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லப்பட்டது, அவர்களும் பொறுத்தார்கள். 1953இல் சிற்பி ஸாட்கின் செதுக்கிய சிலை துறையருகே நிறுவப்பட்டது. நெஞ்சில் ஓட்டை விழுந்த மனிதன், வானை நோக்கிக் கைகளை உயர்த்தி அலறும் உருவம் அது.

கடலில் முளைத்த நிலம்

எண்ணெய்க்காலம் வந்தது. கப்பல்கள் பெருத்தன. ஆற்றோரத் துறைகள் போதாமல், துறைமுகம் கடலை நோக்கி நடக்கத் தொடங்கிற்று. 1950களில் போட்லெக், பிறகு, 1950களின் இறுதியில் தொடங்கிய 'யூரோபோர்ட்'. அதற்காக ரோஸன்பர்க் தீவின் வயல்கள் எடுக்கப்பட்டன. பிளாங்கன்பர்க் என்ற சிற்றூர் இடிக்கப்பட்டது. பறவைகளின் புகலிடமாயிருந்த 'த பேர்' என்னும் இயற்கைக் காப்பிடம் மறைந்தது. எண்ணெய்த் தொட்டிகளும் சுத்திகரிப்பு ஆலைகளும் அந்த இடத்தில் நிற்கின்றன. அங்கிருந்து குழாய்கள் வழியே ஜெர்மனிக்கும் பெல்ஜியத்துக்கும் எண்ணெய் பாய்கிறது.

அதுவும் போதவில்லை. நிலம் தீர்ந்தபோது, கடலைத் தூர்த்து நிலமாக்கினர். மாஸ்விளாக்டே என்ற புதுநிலம் 1960களிலும் 70களிலும் எழுந்தது. 2008 முதல் 2013 வரையில் இரண்டாம் மாஸ்விளாக்டே எழுந்தது. 24 கோடி கன மீட்டர் மணலைக் கடலடியிலிருந்து உறிஞ்சி எடுத்துக் கொட்டி, 2,000 ஹெக்டேர் அளவில் நாட்டின் எல்லையையே நீட்டினார்கள். இருபது மீட்டருக்கு மேல் நீரில் அமிழும் மாபெரும் கப்பல்களும் இன்று அங்கே வந்து நிற்கின்றன. சரக்குக்கென்றே ஜெர்மன் எல்லை வரையில் 160 கிலோமீட்டர் நீள இருப்புப்பாதை 2007இல் திறக்கப்பட்டது.

ஆனால் கடலுக்கு வாசலைத் திறந்து வைத்தவன், கடல் உள்ளே நுழையும் அச்சத்தோடும் வாழ வேண்டும். 1953 பிப்ரவரியில் வடகடல் பொங்கியபோது ஹாலந்தில் 1,836 பேர் மாண்டனர். அதன் பின் பல கழிமுகங்களை அணைகட்டி மூடினர். ராட்டர்டாமின் வழியை மட்டும் மூட முடியாது. மூடினால் வாணிபம் சாகும். ஆகவே 1997இல் ஓர் அதிசயக் கதவை அமைத்தனர். ஒவ்வொன்றும் 210 மீட்டர் அகலமும் 22 மீட்டர் உயரமுமான இரண்டு இரும்புக் கதவுகள், சாதாரண நாளில் கரையில் ஒதுங்கிக் கிடக்கும். கடல்நீர் மூன்று மீட்டர் உயரும் என்று கணினி கணித்தால், தாமே மிதந்து வந்து ஆற்றை மூடும். 2023 டிசம்பர் 21ஆம் நாள், நீர் உயர்ந்ததால் அந்தக் கதவுகள் தாமாகவே மூடிக்கொண்டன.

கடல் உயர்வது ஒரு கவலை. ஆறு வறள்வது இன்னொரு கவலை. 2018இலும் 2022இலும் கோடை வறட்சியில் ரைன் நதி வற்றி, படகுகள் அரைச்சுமையும் கால்சுமையுமாக ஓட நேர்ந்தது. கரியையும் எண்ணெயையும் ஏற்றி இறக்கிப் பெருத்த துறைமுகத்துக்கு, அவற்றை எரித்ததன் விளைவே இன்று நீர்மட்டத்தின் வடிவில் திரும்பி வந்திருக்கிறது. ஹைட்ரஜன் ஆலைகளும், கரிவளியைக் கடலடியில் புதைக்கும் திட்டமும் அங்கே எழுவதற்கு இதுவே காரணம்.

இயந்திரம் வந்தது, ஆள் என்னவானான்?

மண்ணையும் நீரையும் பார்த்தோம். மனிதனைப் பார்க்க வேண்டாமா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைகளை வெட்டவும் சுமை தூக்கவும் ஸேலண்ட், பிரபாண்ட் மாகாணங்களிலிருந்து நிலமற்ற விவசாயக் கூலிகள் ஆயிரக்கணக்கில் வந்து தென்கரையில் குடியேறினர். வடகரையின் கனவான்கள் அதைப் 'பட்டிக்காட்டான் பக்கம்' என்று ஏளனம் செய்தனர். வேலை அன்றாடம் காய்ச்சி. கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் பட்டினி.

தானியக் கப்பலின் வயிற்றில் இறங்கி அள்ளி, மூட்டை கட்டி, நிறுத்து இறக்கியவர்கள் நூற்றுக்கணக்கானோர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தானியத்தை உறிஞ்சி இறக்கும் மிதக்கும் இயந்திரம் வந்தது. 1905இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1907இல் மீண்டும் செய்தனர். இயந்திரம் நின்றது, ஆட்கள் போனார்கள். 1911இல் கப்பல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கப்பல் கம்பெனிகள் சீன ஊழியர்களைக் கொண்டுவந்து அதை முறித்தன. அந்தச் சீனர்கள் காட்டன்ட்ரெக்ட் பகுதியில் தங்கினர். 1930களின் மந்தத்தில் கப்பல் வேலை போகவே, அதே சீனர்கள் தெருவில் நின்று வேர்க்கடலை மிட்டாய் விற்று வயிறு கழுவினர். ஒரு தொழிலாளியை அடிக்க இன்னொரு தொழிலாளியைக் கொண்டுவந்தவர்கள், வேலை தீர்ந்ததும் இருவரையும் கைகழுவிவிட்டனர்.

1966இல் அமெரிக்காவிலிருந்து முதல் கண்டெய்னர் கப்பல் வந்தது. நூறு பேர் நாட்கணக்கில் செய்த வேலையைச் சில பேர் சில மணியில் முடிக்கும் காலம் பிறந்தது. 1970இலும் 1979இலும் தொழிலாளர்கள் தங்கள் சங்கத் தலைமையையும் மீறிப் போராடினர். 1993இல் ஓட்டுநரில்லாத வண்டிகள் கண்டெய்னர்களைச் சுமந்து ஓடத் தொடங்கின. 2015இல் இரண்டாம் மாஸ்விளாக்டேயில் கிரேனை ஓட்டுபவர் கிரேனிலேயே இல்லை. தொலைவில் அலுவலக அறையில் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். 2016 ஜனவரியில் ஒருநாள் முழுவதும் கண்டெய்னர் துறைகள் நின்றன. இயந்திரத்தை உடைக்கவில்லை, வேலைக்கு உத்தரவாதம் கேட்டார்கள்.

இயந்திரமே வேண்டாம் என்பது அறிவுடைமை ஆகாது. முதுகெலும்பு ஒடிய மூட்டை சுமப்பது யாருக்கும் பெருமையன்று. கேள்வி வேறு. இயந்திரம் மிச்சப்படுத்தும் உழைப்பின் பலன் யாருக்குச் சேர வேண்டும்? குறைந்த நேர வேலையாக, ஓய்வூதியமாக, புதுத்தொழில் பயிற்சியாகத் தொழிலாளியிடம் வந்தால் அது நாகரிகம். பங்குதாரரிடம் மட்டும் போய்ச் சேர்ந்தால் அதற்குப் பெயர் வேறு.

கப்பலுக்கு ஆழம் உண்டு, ஏழைக்கு?

துறைமுகம் கடலை நோக்கிப் போய்விட்டது. அது விட்டுச்சென்ற பழைய துறைகளில் உயர்ந்த கட்டிடங்கள் எழுந்துவிட்டன. 1996இல் திறந்த எராஸ்மஸ் பாலம், வடகரையையும் தென்கரையையும் அழகாக இணைக்கிறது. ஆனால் வாழ்க்கைத்தரம் இணைந்ததா?

மொராக்கோவிலிருந்தும், துருக்கியிலிருந்தும், சுரினாமிலிருந்தும் வந்த உழைப்பாளர் குடும்பங்கள் நிறைந்தது தென்கரை. மொராக்கோவில் பிறந்த அகமது அபூதாலிப் 2009 முதல் 2024 வரை இந்நகரின் மேயராக இருந்தார் என்பது பாராட்டுக்குரியது. ஆயினும், தென்கரையின் வறுமையும் படிப்புக் குறைவும் நாட்டிலேயே மோசமாக இருப்பதால், அதைக் கைதூக்கிவிட இருபதாண்டுத் தேசியத் திட்டம் ஒன்றை 2011இல் அறிவிக்க வேண்டிவந்தது. குறைந்த வருவாயுள்ள புதியவர்கள் சில பகுதிகளில் குடியேறுவதைத் தடுக்கும் சட்டம் 2006இலேயே நடைமுறைக்கு வந்தது; ஊரார் அதை 'ராட்டர்டாம் சட்டம்' என்றே அழைக்கின்றனர். தென்கரையின் டுவேபோஸ் வட்டாரத்தில் ஐந்நூறுக்கு மேற்பட்ட எளியோர் வீடுகள் இடிக்கப்பட்டதைக் குறித்து, 2021இல் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை வல்லுநர்கள் ஹாலந்து அரசுக்கு எழுதி விளக்கம் கேட்டனர்.

துறைமுகத்தைத் தோண்டியவர்களின் கரையிலா இந்த நிலை? பொதுச் சொத்தாக இருக்கும் துறைமுகத்தின் நிழலிலா இந்த இருள்? ஆம், அங்கேதான்.

ராட்டர்டாம் இரண்டு பாடங்களை ஒருசேரக் கற்பிக்கிறது. முதற்பாடம்: முதலாளி ஓடியபோதும், ஆறு தூர்ந்தபோதும், எதிரி எரித்தபோதும் துறைமுகத்தைத் தாங்கி நின்றது பொதுமக்களின் கை. முப்பதாண்டு, ஐம்பதாண்டு பொறுத்துப் பலன் காணும் திறன் அந்தக் கைக்குத்தான் உண்டு. இரண்டாம் பாடம்: சொத்து பொதுவில் இருந்தால் மட்டும் பலன் பொதுவாகிவிடாது. கரை நகராட்சியுடையதாக இருக்கலாம்; ஆனால் அந்தக் கரையில் எந்தக் கம்பெனி நிற்க வேண்டும், எந்த நிபந்தனையோடு நிற்க வேண்டும், வரும் ஆதாயம் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பதை ஒவ்வொரு தலைமுறையும் போராடித்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

கடலைத் தள்ளி நிலம் எடுக்கத் தெரிந்த மக்கள் அவர்கள். ஆற்றைக் கதவு போட்டு மூடத் தெரிந்த மக்கள். இரு கரைகளுக்கும் இடையே உள்ள ஏற்றத்தாழ்வைத் தூர்ப்பது அதைவிடக் கடினமான வேலையா? மணலை அள்ளிய உறுதியில் ஒரு பங்கை அதற்குக் காட்டினால், ஐரோப்பாவின் பெரிய துறைமுகம் என்ற புகழோடு, உழைத்தவனை வாழவைத்த துறைமுகம் என்ற புகழும் ராட்டர்டாமைச் சேரும்.